சிங்கப்பூர் போகிறவர்களுக்கு ஒரு வேளையாவது உணவங்காடி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் சிங்கப்பூரில் எங்கே சாப்பிடலாம் என்று ஒரு பக்கம் முழுக்க வந்திருந்தது. படங்கள் பிரமாதம். ஆனால் சொல்லியிருந்த இடங்களில் பாதி, ஐம்பது மாடிக்கு மேலே கண்ணாடி ஓரமாக உட்கார்ந்து ஊர் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற ஓட்டல்கள். மீதிப் பாதி இட்லி சாம்பார் கிடைக்கிற நம்மவர் ஓட்டல்கள். அந்த ஊர்க்காரர்கள் காலையும் மதியமும் ராத்திரியும் உண்மையில் எங்கே போய்ச் சாப்பிடுகிறார்களோ, அந்த உணவங்காடிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் 14 வருடம் வெல்டராக இருந்தவன் நான். வாரம் ஆறு நாள் விடுதிக்கு விடியற்காலையில் வந்து சேரும் பொட்டலச் சோற்றை, அது மத்தியானத்துக்குள் ஆறி விறைத்துப் போனபிறகு சாப்பிட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்து போன இடங்கள் அவை என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. என் அக்காவும் மச்சானும் இங்கே ஒரு டிராவல்ஸ் மூலமாக 5 நாள் சிங்கப்பூர் போய்விட்டு வந்தார்கள். ஒரு குழுவுக்கு நாற்பது பேர். காலையில் தங்கிய இடத்திலேயே பிரெட்டும் உப்புமாவும், மத்தியானம் பஸ்ஸை நிறுத்திப் பூரி, பனீர் பட்டர் மசாலா, சோறு, சாம்பார், ஒரு குலோப்ஜாமுன், ராத்திரியும் அதேதான், பனீருக்குப் பதில் கோழிக்குழம்பு. ஐந்து நாளும் இதே. வந்து இறங்கியதும் போனில் கேட்டேன், சாப்பாடெல்லாம் எப்படி என்று. "ஊரெல்லாம் பளபளன்னு இருக்குடா தம்பி, சாப்பாடு மட்டும் கல்யாண மண்டபத்துல கடைசிப் பந்தியில உக்காந்த மாதிரி இருந்துச்சு" என்றாள். எனக்கு வருத்தமாகிவிட்டது. என் அக்கா யார் தெரியுமா, கொத்துப் பரோட்டாக் கல்லில் கரண்டி விழும் சத்தம் கேட்டால் வண்டியை ஓரங்கட்டச் சொல்கிறவள், ராத்திரி பதினொரு மணிக்குத் தள்ளுவண்டியில் ஆவி பறக்கும் இட்லியை நின்றுகொண்டே நாலு சட்னியோடு சாப்பிடுகிறவள். மதுரையில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். தூங்காநகரத்து ஆட்களைக் கொண்டுபோய் உலகத்திலேயே நல்ல தெருச்சாப்பாடு கிடைக்கும் ஊரில் இறக்கிவிட்டு, ஐந்து நாளும் பனீர் போட்டுத் திருப்பி அனுப்புகிறோம்.

அங்கே தமிழ்ச் செய்திகளில் உணவங்காடி நிலையம் என்பார்கள், பேச்சில் ஹாக்கர் சென்டர். ஒரு பெரிய கூரை, சுற்றுச்சுவர் கிடையாது, மேலே மின்விசிறிகள், வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கடைகள், பெரிய இடமென்றால் நூறு கடைகூட இருக்கும். ஒவ்வொரு கடையிலும் இரண்டு மூன்று பண்டம்தான், அதையே முப்பது நாற்பது வருடம் செய்த கை. சீனர் கடை, மலாய்க்காரர் கடை, நம்மவர் கடை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. எந்தக் கடையில் வாங்கினாலும் எந்த மேஜையிலும் உட்காரலாம். ஒரே மேஜையில் எனக்கு மீ கோரெங் என்கிற நூடுல்ஸ், கூட வந்த பங்களாதேஷ்காரருக்குப் பிரியாணி, எதிரே முன்பின் தெரியாத ஒரு சீனத் தாத்தாவுக்கு மீன் உருண்டை சூப் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டிருக்கிறேன்.

இது முதலிலிருந்தே இப்படி இருந்ததல்ல. 1960களில் அந்த ஊரிலும் தெருவோரத்தில்தான் அடுப்பு, ஒரே வாளித் தண்ணீரில்தான் தட்டுக் கழுவுவது. 1971 தொடங்கி 1986க்குள் தெருக்கடைக்காரர்களைக் குழாய்த் தண்ணீரும் சாக்கடை வசதியும் உள்ள கட்டிடங்களுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். கவனியுங்கள், கடைகளைப் பிடுங்கி எறியவில்லை, இடம் கொடுத்து மாற்றினார்கள். அதனால்தான் அந்த ருசி அழியாமல் இருக்கிறது. இன்றைக்கு ஊர் முழுக்க நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. 2016இல், நல்ல ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிற மிச்செலின் வழிகாட்டி முதன்முதலாகச் சிங்கப்பூருக்கு வந்தபோது இரண்டு ஹாக்கர் கடைகளுக்கே நட்சத்திரம் கொடுத்தார்கள். 2020 டிசம்பரில் இந்த உணவங்காடிப் பண்பாட்டையே யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு பெயர் வாங்கிய இடத்தில் ஒரு தட்டுச் சாப்பாடு நாலைந்து வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், நம் காசுக்கு முன்னூறு ரூபாயை ஒட்டி வரும். ஐம்பத்தேழாவது மாடியில் ஒரு குளிர்பானம்கூட அந்த விலைக்குக் கிடைக்காது.

சரி, எங்கே போவது? நம் ஆட்கள் எல்லோரும் சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்குப் போகிறார்கள், 1827இல் தொடங்கிய கோயில், அந்த ஊரின் பழைய இந்துக் கோயில் அதுதான். சாமி கும்பிட்டுவிட்டு அதே சாலையில் ஐந்து நிமிடம் நடந்தால் மேக்ஸ்வெல் உணவங்காடி. 2022இல் பக்கத்திலேயே ரயில் நிலையமும் திறந்துவிட்டார்கள். ஆனால் டூர் பஸ்கள் கோயில் வாசலில் ஆளை ஏற்றிக்கொண்டு நேராகப் பூரிக்குப் போய்விடுகின்றன.

2017இல் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். ஹைனான் கோழிச்சோறு வாங்கி வைத்தேன். கோழியைத் தளதளவென்று கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டில் வேகவைத்து, எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் முக்குவார்கள். தோல் வழுவழுவென்று கறியோடு ஒட்டி நிற்கும். அந்தக் கோழி வெந்த தண்ணீரிலும் அதன் கொழுப்பிலும் இஞ்சி, பூண்டு, ரம்பை இலை போட்டுச் சோறு ஆக்குவார்கள். பார்க்க ஒன்றுமே இருக்காது. வெள்ளைக் கறி, வெள்ளைச் சோறு, ஓரத்தில் நாலு வெள்ளரித் துண்டு. அம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "என்னடா, காய்ச்சக்காரனுக்குக் குடுக்கிற பத்தியச் சோறு கணக்கா இருக்கு" என்றாள். கறியைத் தொடாமல் வெறுஞ்சோற்றை ஒரு வாய் போட்டாள். இன்னொரு வாய் போட்டாள். "சோத்துலயே கறி வாசம் வருதுடா" என்றாள். அப்புறம் சிவப்பாக ஒரு சட்னி வைப்பார்களே, பச்சை மிளகாய் அல்ல, பழுத்த மிளகாயும் இஞ்சியும் பூண்டும் எலுமிச்சையும் அரைத்தது, அதில் கறியைத் தொட்டுச் சாப்பிட்ட பிறகு பேச்சே இல்லை. சட்னி தீர்ந்ததும் நான் எழுவதற்குள் தானே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், "இன்னுங் கொஞ்சம் ஊத்தும்மா" என்று தமிழிலேயே கேட்டாள். அந்தச் சீன அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு இரண்டு கரண்டி ஊற்றினார். அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது, கடைசி வரைக்கும் யார் சிங்கப்பூர் என்றாலும் அந்தச் சட்னியைத்தான் சொல்வாள்.

அதே இடத்தில் கேரட் கேக் என்று ஒரு பலகை தொங்கும், இனிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. வெள்ளை முள்ளங்கியைத் துருவி அரிசி மாவில் கலந்து அவித்து, ஆறியதும் துண்டு போட்டு, பெரிய இரும்புச் சட்டியில் முட்டையும் பூண்டும் உப்பில் ஊறிய முள்ளங்கியும் சேர்த்துப் புரட்டிக் கொத்திக் கொடுக்கிறார்கள். கறுப்பு வேண்டுமா வெள்ளை வேண்டுமா என்று கேட்பார்கள். கறுப்பில் இனிப்பான சோயாச் சாறு விட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கடைமுன் நின்றால் கீழவாசல் கொத்துப் பரோட்டாக் கடையில் நிற்கிற சத்தம்தான் கேட்கும். மதுரைக்காரர்களுக்கு இதைவிட நல்ல அறிமுகம் வேறு கிடையாது என்பது என் அபிப்பிராயம்.

அடுத்தது தேக்கா உணவங்காடி. சிராங்கூன் சாலை முனையில் இருக்கிறது, அங்கே போகாத தமிழர் இல்லை. தேக்கா என்றால் சீனத்தில் மூங்கிலடி என்று அர்த்தம், ஒரு காலத்தில் அங்கே மூங்கில் வளர்ந்து கிடந்ததாம். இங்கே தோசையும் பிரியாணியும் சாப்பிடலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் நம் ஊரில் கிடைக்காததைக் கேட்டு வாங்குங்கள். மீ கோரெங் இருக்கிறதே, அது சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸை நம் முஸ்லிம் கடைக்காரர்கள் எடுத்து, மிளகாய் விழுதும் தக்காளியும் உருளைக்கிழங்கும் ஆட்டுக்கறியும் போட்டுப் பிரட்டிச் செய்த பண்டம். கடல் கடந்து போய்ப் பக்கத்துக் கடைக்காரனைப் பார்த்து நம்மவர்கள் உண்டாக்கியது. சிங்கப்பூர் மீன்தலைக் கறியும் அப்படித்தான். கேரளத்திலிருந்து போன கோமஸ் என்பவர் 1949 வாக்கில், சீனர்கள் மீன் தலையை ஆசையாகச் சாப்பிடுவதைப் பார்த்து, நம் புளிக்குழம்பில் போட்டுக் கொடுத்தது. இன்றைக்குச் சீன ஓட்டல்களிலேயே அதை அவர்கள் பாணியில் வைக்கிறார்கள். ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலை போட்டுக் கிடைக்கும், நாலு பேர் சேர்ந்து போனால்தான் ஒரு தலையை முடிக்க முடியும்.

சுல்தான் மசூதிக்கு எதிரே 1908 முதல் இருக்கிற ஸம்ஸம் கடையில் முர்தபாக். நம் வீச்சுப் பரோட்டாதான், அதே மாதிரிதான் மாவை வீசுகிறார்கள், உள்ளே கொத்துக்கறியும் வெங்காயமும் முட்டையும் வைத்து நாலு பக்கமும் மடித்துச் சுடுகிறார்கள். பரோட்டா போடத் தெரிந்த நம் ஊர் மாஸ்டர் யாராவது போனால் ஒருமணி நேரம் அங்கேயே நின்று பார்ப்பார்.

என் மனைவியின் பாட்டி ரங்கூனிலிருந்து 1964க்குப் பிறகு கப்பலில் வந்தவர்களில் ஒருவர். நம் மாவட்டத்திலும் சிவகங்கைப் பக்கமும் அப்படிப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ உண்டு, அவர்களுக்காக இதைச் சொல்கிறேன். சிட்டி ஹால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பெனின்சுலா பிளாசா என்று ஒரு பழைய கட்டிடம், அதற்குள் முழுக்கப் பர்மாக்காரர்கள் கடை. அங்கே மொய்ங்கா கிடைக்கும். மீனை வேகவைத்துக் கரைத்த குழம்பில் வாழைத்தண்டு போட்டு, அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவார்கள். சென்னையில் பாரிமுனைப் பக்கம் அத்தோ விற்கிற வண்டிகளில் சாப்பிட்டிருப்பீர்கள், அந்த வகைதான், ஆனால் வாழைத்தண்டு அவ்வளவு தாராளமாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதைப் போட்டோ எடுத்து அனுப்பியபோது பாட்டி அந்தப் படத்தைத் தன் பேரன் பேத்திகள் எல்லோரிடமும் காட்டினார்.

இனிப்புக்குச் செந்தோல். ரம்பை இலைச் சாறு விட்ட பச்சை நிற மாவுத் துண்டுகள், தேங்காய்ப்பால், துருவிய ஐஸ், மேலே குலா மெலாக்கா என்கிற தென்னை வெல்லப்பாகு. நம் ஜிகர்தண்டா பாலும் கடல்பாசியும் பாதாம் பிசினுமாகக் கெட்டியாக இறங்கும், செந்தோல் தேங்காய்ப்பாலோடு லேசாக இறங்கும். எது உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை, மதுரையில் பிறந்தவனிடம் அதைக் கேட்கவும் கூடாது. ஆனால் அந்த வெல்லத்தின் வாசம் கருப்பட்டி தெரிந்த நாக்குக்கு உடனே பிடிபடும்.

சைவம் சாப்பிடுகிறவர்களின் பயம் எனக்குப் புரிகிறது, அது நியாயமான பயம்தான். காய்கறி என்று சொன்ன தட்டில்கூடக் காய்ந்த இறால் விழுது இருக்கும், பன்றிக் கொழுப்பில் வதக்கியிருப்பார்கள், கேட்காமல் வாங்கக் கூடாது. இவர்கள் வாட்டர்லூ தெருவுக்குப் போகலாம். அங்கே கிருஷ்ணன் கோயிலும் சீனர்களின் குவான் யின் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, குவான் யின்னைக் கும்பிட்டுவிட்டு வருகிற சீனர்கள் நம் கிருஷ்ணன் வாசலிலும் ஊதுபத்தி வைத்துக் கும்பிடுவதைப் பார்க்கலாம். அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஃபார்ச்சூன் சென்டர் என்ற கட்டிடத்தில் புத்த மதத்துச் சைவச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. சோயாவிலும் கோதுமைப் பசையிலும் கறி மாதிரியே செய்துவைப்பார்கள், பார்த்துப் பயந்துவிட வேண்டாம், அது கறியல்ல. சில கடைகளில் வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். ஹலால் பார்க்கிறவர்களுக்குக் கடைமுன் சான்றிதழ் மாட்டியிருக்கும், சாப்பிட்ட தட்டைக் கொண்டுபோய் வைக்கிற இடமும் ஹலாலுக்குத் தனி, மற்றதற்குத் தனி.

தட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. 2021 செப்டம்பரிலிருந்து சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துக்கொண்டுபோய் வைப்பது கட்டாயம், மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தால் அபராதம் வரைக்கும் போகும். மேஜைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் மட்டும் கிடந்தால் அங்கே யாரோ இடம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், பஸ் சீட்டில் நாம் துண்டு போடுகிற மாதிரி. குடிக்கத் தண்ணீர் யாரும் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள், பாட்டில் கையில் இருக்கட்டும், குழாய்த் தண்ணீரையே தைரியமாகக் குடிக்கலாம். காப்பி கேட்டால் கன்டென்ஸ்டு மில்க் ஊற்றித் தித்திப்பாகத் தருவார்கள். பால் வேண்டாமென்றால் கோப்பி ஓ, சர்க்கரையும் வேண்டாமென்றால் கோப்பி ஓ கோசோங் என்று கேட்க வேண்டும். கடல் உணவு மட்டும் எடைக்கு விலை. எத்தனை கிராம், எவ்வளவு வெள்ளி என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பெரிய ஓட்டலே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு வேளைக்குக் காசு செலவு செய்யலாம் என்றிருந்தால், கண்ணாடி மாடிக்குப் போவதைவிடக் கட்டோங், ஜூ சியாட் பக்கம் போய்ப் பெரானாக்கான் சாப்பாடு சாப்பிடுங்கள். பல தலைமுறைக்கு முன் அங்கே வந்து தங்கிய சீனர்களும் மலாய் மசாலாவும் சேர்ந்து வந்த சமையல் அது. புவா கெலுவாக் என்று ஒரு கொட்டை, பச்சையாக இருக்கும்போது விஷம், அதை வேகவைத்து, சாம்பலில் புதைத்துவைத்து, பிறகு நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து விஷத்தை எடுத்துவிட்டுக் கோழிக்குழம்பில் போடுவார்கள். உள்ளே கறுப்பாகக் களிபோல இருக்கும், ஓட்டிலிருந்து சின்னக் கரண்டியால் தோண்டிச் சோற்றில் பிசைந்து சாப்பிட வேண்டும். முதல் தடவை எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை அதற்காகவே போனேன்.

டிராவல்ஸ்காரர்களிடம் பேசினால் காரணம் சொல்வார்கள். பஸ் நிறுத்த இடமில்லை, நாற்பது பேரைக் கட்டி மேய்க்க முடியாது, வாசனை பிடிக்கவில்லை என்று யாராவது சண்டைக்கு வருவார்கள், ஓட்டலில் முன்கூட்டியே கூப்பன் வாங்கியாயிற்று. எல்லாம் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஐந்து நாளையும் மாற்றச் சொல்லவில்லையே. ஒரே ஒரு ராத்திரி. லாவ் பா சாட் என்று இருக்கிறது, 1894இல் வார்ப்பிரும்பில் கட்டிய எட்டுமூலைச் சந்தை, வங்கிக் கட்டிடங்களுக்கு நடுவே. சாயங்காலம் ஆனதும் பக்கத்து பூன் டாட் தெருவில் வண்டிகள் போகாமல் அடைத்துவிட்டு நடுரோட்டில் மேஜை போடுவார்கள், சாத்தே கடைக்காரர்கள் கரி அடுப்பை விசிறியால் விசிற ஆரம்பிப்பார்கள். குச்சியில் குத்திய கோழியும் ஆட்டுக்கறியும், நிலக்கடலைக் குழம்பும், ஓலைப் பொட்டலத்தில் அமுக்கி வேகவைத்த சோறும். சுற்றிலும் தலைக்குமேல் அந்தப் பளபளப்பான கட்டிடங்கள் எல்லாம் விளக்குப் போட்டு நிற்கும், நீங்கள் படம் போட்டிருந்தீர்களே அதே கட்டிடங்கள்தான், கீழே புகைக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடலாம். நாற்பது பேரும் ஒன்றாக உட்காரவும் இடமிருக்கிறது. அன்றைக்கு ராத்திரி ஓட்டலுக்குக் கட்டுகிற காசை ஆளுக்கு 15 வெள்ளியாகக் கையில் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் பஸ்ஸுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டால் போதும். வேண்டாம் என்கிறவர்களுக்கு உள்ளேயே நம்மவர் கடையும் கிடைக்கும்.

நீங்களும் அடுத்த இணைப்பிதழில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மே மாத விடுமுறைக்கு மதுரையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் புறப்படப் போகின்றன. என் அக்காவும் மகள் வீட்டுக்காரர்களோடு மறுபடி போகிறாள், இந்தத் தடவை டிராவல்ஸ் இல்லாமல். மேக்ஸ்வெல், தேக்கா, லாவ் பா சாட் என்று மூன்று பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேக்ஸ்வெல்லுக்குப் பக்கத்தில், சிவப்புச் சட்னி இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கவும் என்று எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
திருநகர், மதுரை.